கலசத்தில் இல்லை, களஞ்சியத்தில்

காஞ்சிபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

கோயில் வாசலில் நீ கேட்டது இரண்டு நாளாக என்னை விடவில்லை. கோபுரக் கலசங்கள்தான் அந்தக் காலத்து விதை வங்கி, வெள்ளம் வடிந்ததும் ஊரே அதை எடுத்து விதைத்துப் பிழைத்தது என்று கைபேசியில் வந்த செய்தியைக் காட்டி, "உண்மைதானே ஐயா?" என்றாய். குடமுழுக்கின்போது கலசத்தில் தானியம் இடுவது உண்மை. அது சடங்கு. கலசத்தில் கொள்கிற தானியத்தை வைத்து ஓர் ஊருக்கு நாற்றங்கால் விட முடியுமா? ஆண்டுக்கணக்கில் வெயிலில் காயும் செம்புக்குள் கிடந்த நெல் முளைக்குமா? படித்த பிள்ளை, அதை நாலு பேருக்கு அனுப்புமுன் இதை யோசித்திருக்க வேண்டாமா?

கோயில் நெல் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டுமானால் பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக்குப் போ. பாலைவனநாதர் கோயிலில், தஞ்சை நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டிய களஞ்சியம் இன்றும் நிற்கிறது. வட்டச் சுவர், மேலே குவிந்த கூரை. 3,000 கலம் கொள்ளும். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்றால் 36,000 மரக்கால்! திருவரங்கத்தில் இத்தகைய கட்டடங்களுக்குக் கொட்டாரம் என்று பெயர்.

பிரான்சிலும் இப்படித் தேவாலயக் களஞ்சியங்கள் உண்டு. அவற்றைப் பற்றிப் படித்தபோது நானும் முதலில் இரண்டும் ஒன்றே என்று நினைத்தேன். அப்படியல்ல. அங்கே ஊரார் விளைச்சலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்கு. 1789 புரட்சியில்தான் அது ஒழிந்தது. நம்மூரில் கோயிலுக்கு வந்தது பெரும்பாலும் கோயிலுக்கு விட்ட தேவதான நிலத்தில் உடைமையாளர் பங்கான மேல்வாரமும், ஊர்ச்சபைகள் வாங்கிய கடனுக்கு அளந்த வட்டி நெல்லும்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அதற்கு ஈடாக நெல் அளந்த ஊர்களும் உண்டு.

ஆனால் என்னைப் பொறுத்தவரை, களஞ்சியத்தின் உயிர் சுவரில் இல்லை, மரக்காலில் இருக்கிறது. சின்ன வயதில் அப்பாவோடு களத்துமேட்டில் நின்றிருக்கிறேன். அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். பிறகுதான் இரண்டு, மூன்று. அவர் கையையே அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். தலைதட்டி அளந்தால் ஓர் அளவு, குவித்து அளந்தால் வேறோர் அளவு. விளிம்பில் விரல் வைத்துப் பிடித்தால் இன்னொன்று. மரக்காலுக்கு ஒரு கைப்பிடி வித்தியாசம் என்றால், 36,000 மரக்காலுக்கு எத்தனை மூட்டை? கணக்குப் போட்டுப் பார். அதனால்தான் ராஜராஜன், ஊருக்கு ஊர் மாறும் மரக்காலை நம்பாமல், தஞ்சைக் கோயில் நெல்லை 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளக்கச் சொன்னான். அது ராஜகேசரி மரக்காலோடு ஒத்தது என்றும் கல்லில் வெட்டி வைத்தான். ஆடவல்லான் என்பது கூத்தப்பெருமான் பெயர். சாமி பெயருள்ள மரக்காலில் விரல் வைக்க யாருக்கும் கை கூசும் என்று எண்ணித்தான் அப்படிப் பெயரிட்டார்கள் என்பது என் துணிபு. நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை. நான் விடுவதாக இல்லை.

என் துணிபுக்கு நம் காஞ்சியே துணை நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டில் உத்தம சோழன் கொடுத்த செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ஊரகத்துப் பெருமாளுக்கு, அதாவது இன்றைய உலகளந்த பெருமாளுக்கு, அன்றைய காஞ்சியான கச்சிப்பேட்டில் எடை போடும் கூலியும் மரக்கால் அளக்கும் கூலியும் போய்ச் சேர வேண்டும் என்கிறது அது. கோல்நிறைகூலி, கால்அளவுகூலி என்பன அந்த ஏட்டின் சொற்கள். உலகை அளந்த சாமிக்கு ஊரின் அளவுக்கூலி! அந்தக் கோயில் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்கு என்று நினைக்கிறாய்? நெசவாளர் சேரிகளுக்கு. உங்கள் தெருவில் இன்றும் தறிச் சத்தம் கேட்கிறதே, அந்தத் தொழில் செய்தவர்களுக்கு.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அந்த ஏடு முழுவதும் அச்சாகியிருக்கிறது. புத்தகம் என் அலமாரியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வா, சேர்ந்து படிப்போம். வரும்போது உங்கள் வீட்டுப் பரணில் பழைய மரக்கால் கிடந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் ஆசிரியர்