சேர்க்கைக்குப் பின்: இளம் பேராசிரியர் ஒருவருக்கு மடல்

கிண்டியில் உதவிப் பேராசிரியராகப் பொறுப்பேற்றிருக்கும் அன்புத் தம்பிக்கு,

பொறியியல் கல்லூரியில் ஒருவருக்கு இடம் கிடைப்பது வேறு, அவர் ஆய்வாளராக உருவாவது வேறு. முன்னதை அரசு சட்டத்தாலும் நிதியாலும் செய்து தர முடியும். பின்னது ஆய்வகத்திலும் ஆசிரியரின் மேசையருகிலும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறியே நிகழ வேண்டும். தமிழ்நாட்டில் முன்னது பெரிதும் நடந்தேறியிருக்கிறது. 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டின் மேல், 2007-08 கல்வியாண்டு முதல் பொறியியல் நுழைவுத் தேர்வு நீங்கியது. குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாத நிலையில் கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு முன்னுரிமை ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் விரிந்து, அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றது; அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்விக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. தம்பி பாடம் எடுக்கவிருக்கும் வகுப்பறை இவற்றின் விளைவாகவே இன்றைய தோற்றத்தைப் பெற்றிருக்கிறது; அங்கிருந்து ஆய்வகம் வரையிலான தொலைவைக் குறைப்பது ஆசிரியரின் கையில் இருக்கிறது.

அத்தொலைவு எத்தகையது என்பதை முதலாண்டு மின்னணுவியல் ஆய்வகத்தில் அரைமணி நேரம் நின்று பார்த்தாலே விளங்கும். நான்கு பேர் கொண்ட குழு ஒன்றின் முன் ஆசிலோஸ்கோப், அதாவது மின்னழுத்த மாற்றத்தை அலையாகத் திரையில் காட்டும் கருவி, வைக்கப்பட்டவுடன், பள்ளியிலோ வீட்டிலோ இத்தகைய பொருள்களைத் தொட்டுப் பழகியவர் தயக்கமின்றி அதன் குமிழ்களைத் திருகத் தொடங்குகிறார். தமிழ்வழியில் படித்து வந்தவரோ, கெட்டுவிட்டால் யார் பணம் கட்டுவது என்று அஞ்சுகிறவரோ, பல வேளைகளில் குழுவின் ஒரே பெண்ணோ, அளவீடுகளை ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்ளும் வேலையை ஏற்கிறார். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. ஆனால் எட்டு செமஸ்டர்கள் இவ்வாறே கழிந்தால், ஒருவர் கருவியை அறிந்தவராகவும் மற்றவர் அழகான கையெழுத்துடையவராகவும் பட்டம் பெறுவர். குழுவில் இவ்வேலைகள் வாரந்தோறும் சுழற்சியில் மாற வேண்டும் என்று ஆசிரியர் விதித்துவிட்டால், செலவு ஏதுமின்றி இந்த வேறுபாட்டில் பாதி நீங்கும்.

மீதிப் பாதி, கல்வியாளர்கள் மறைமுகப் பாடத்திட்டம் என்று குறிப்பிடுவதைச் சார்ந்தது: எந்தப் பாடநூலிலும் அச்சிடப்படாத, ஆனால் தெரிந்தவர் தெரியாதவரை முந்திச் செல்லப் பயன்படும் செய்திகளின் தொகுப்பே அது. ஐஐடியும் அறிவியல் கழகங்களும் நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிகளுக்குக் கோடை வருவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதும், அதற்குப் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம் என்பதும், முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் வழிசெய்யும் கேட் தேர்வுக்கு மூன்றாம் ஆண்டிலேயே ஆயத்தமாவது நல்லது என்பதும், ஒரு தாளில் அரியர் விழுந்துவிட்டால் ஆய்வுக் கதவு நிரந்தரமாகச் சாத்தப்பட்டுவிடாது என்பதும் இவ்வகையில் அடங்கும். பேராசிரியரின் பிள்ளைக்கு இவை இரவு உணவின்போதே காதில் விழுந்துவிடும். கட்டடத் தொழிலாளியின் பிள்ளைக்கு யாராவது உட்கார வைத்துச் சொன்னால்தான் உண்டு.

இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரான அ. லலிதாவின் வாழ்க்கையைத் தம்பி இந்த நோக்கில் பார்ப்பது பயன் தரும். 1919இல் பிறந்து, பதினெட்டாம் வயதில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்த அவர், இராணி மேரிக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்தபின், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து 1943இல் தேர்ச்சி பெற்றார். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்ததும், அவர் மகளுக்காக முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேச முடிந்ததும் அந்தச் சேர்க்கையை இயல்வதாக்கின. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, ஒன்றரை நூற்றாண்டாக ஆண்களுக்கென்றே நடந்துவந்த நிறுவனத்தின் பட்டச் சான்றிதழில், ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துத் திருத்தித்தான் அவருக்கு வழங்க வேண்டியிருந்தது. கல்லூரி பி.கே. திரேசியாவையும் லீலாம்மா ஜார்ஜையும் கட்டடப் பொறியியலில் சேர்த்துக்கொண்டதால் லலிதா தனியொருவராக இருக்க நேரவில்லை. பின்னாளில் திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். லலிதா பக்ரா நங்கல் அணை போன்ற பெருந்திட்டங்களுக்கான மின்கடத்தல் வடிவமைப்பில் பங்கேற்று, 1964இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாட்டுக்கும் சென்றுவந்தார். விதிகளை அறிந்து பரிந்து பேச உள்ளேயே ஒருவர் இருந்ததும், உடன் படிக்கத் தம்மையொத்த இருவர் இருந்ததும் அவரைத் தாங்கி நின்றன. அந்த ஒருவர் தந்தையாக அமைவது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆசிரியராக அமைவது தம்பியைப் போன்றோர் மனம் வைத்தால் நடக்கும்.

ஆய்வுச் சூழலை உருவாக்கப் பெருங்கட்டடம் தேவையில்லை என்பதற்கு மயிலாப்பூரிலேயே சான்று உண்டு. இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் ஏகாம்ர நிவாஸ் இல்லத்தில் இளம் மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்குகளை நடத்தினார். சென்னை வழியே செல்லும் உலக அறிஞர்கள் அங்கு வந்து மாணவர்களோடு நேருக்கு நேர் உரையாடினர். 1960இல் வந்த நீல்ஸ் போர் அக்குழுவைப் பற்றி வெளிப்படையாகப் பாராட்டிப் பேசினார். 1962 சனவரி 3 அன்று தொடங்கப்பட்டு, இன்று தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனம் அந்த வீட்டுக் கருத்தரங்கின் வளர்ச்சியே. இதிலிருந்து கற்க வேண்டியதும் உண்டு, கடக்க வேண்டியதும் உண்டு. உயிருள்ள ஆய்வுச் சிக்கலையும் அதில் உழைக்கும் அறிஞரையும் மாணவருக்கு இளமையிலேயே அறிமுகப்படுத்துவது கற்கத்தக்கது. ஆனால் வீட்டுக் கூட்டம் என்பது இயல்பாகவே அறிமுகத்தின் வழி நிரம்புவது. அழைப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர் அந்தப் படியேறுவது அரிது. ஆகவே இன்றைய ஆய்வகம் ஆள் தேர்வு செய்யும்போது, யார் கேட்டு வந்தார் என்று மட்டும் பாராமல், யார் கேட்கத் தயங்குகிறார் என்றும் பார்த்து, அவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.

அழைத்தபின் எதைக் கொடுப்பது என்பதில்தான் நல்லெண்ணமுள்ள ஆசிரியர்கள் பெரிதும் வழுவுகின்றனர். எளிய வேலையும் துணை வகுப்பும் போதுமென்று கருதிவிடுகின்றனர். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மேன் என்னும் கணித ஆசிரியர், கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் ஏன் மிகுதியாகத் தோற்கின்றனர் என்று ஆராய்ந்தார். ஊக்கக் குறைவும் குடும்பச் சூழலுமே காரணம் என்று உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் எண்ணியிருக்க, அவர் மாணவர்களோடு பழகிக் கண்டது வேறாக இருந்தது: சீன வம்சாவழி மாணவர்கள் கூடிப் படித்து ஒருவர் விடையை ஒருவர் சோதித்துக்கொண்டனர், கறுப்பின மாணவர்களோ கடுமையாக உழைத்தாலும் தனித்தே உழைத்தனர். அவர் அமைத்த பயிலரங்கில் சாதாரணப் பாடத்தை விடக் கடினமான கணக்குகள் குழுவாகச் செய்யத் தரப்பட்டன. தேர்ச்சி கண்கூடாக உயர்ந்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் வளாகத்தில் 1988இல் தோன்றிய மேயர்ஹாஃப் திட்டமும் குழுப் படிப்பு, தொடக்க ஆண்டுகளிலேயே ஆய்வக வேலை, உயர்ந்த எதிர்பார்ப்பு ஆகியவற்றின் மேல் எழுந்தது. கோவிட் தடுப்பூசி ஆய்வில் முன்னின்ற கிஸ்மெக்கியா கார்பெட் அத்திட்டத்தில் பயின்றவர். இரக்கத்தால் சுமையைக் குறைப்பது மாணவரின் ஆற்றல் மீதான ஐயத்தையே அவருக்கு உணர்த்துகிறது. கடினமான வேலையைத் தந்து துணை நிற்பதே மதிப்பு.

நடைமுறையில் தம்பி கைக்கொள்ளத்தக்கவை சில. இரண்டாம் ஆண்டிலேயே மாணவரை ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இறுதியாண்டு ப்ராஜெக்ட் வரை காத்திருந்தால் மேற்படிப்பு குறித்த முடிவுகள் அதற்குள் எடுக்கப்பட்டுவிடும். ஒருவரை மட்டும் எடுக்காமல் ஒத்த பின்னணியுள்ள இருவரையேனும் எடுப்பது நல்லது. கோடைப் பணிக்கு விதி இடந்தரும் அளவுக்கேனும் உதவித்தொகை தேடித் தர வேண்டும். விடுமுறையில் விடுதி உணவகம் மூடியிருக்க, அடையாற்றில் அறை வாடகை கொடுத்து இரண்டு மாதம் சம்பளமின்றி உழைப்பது வசதியுள்ளவருக்கே இயலும். வாரத்தில் ஒரு மணி நேரம் மாறாமல் சந்திக்க வேண்டும். வாதமும் விளக்கமும் தமிழில் நடக்கட்டும், ஆய்வுக் குறிப்பேடு ஆங்கிலத்தில் எழுதப்படட்டும். சிந்தனையின் தெளிவையும் மொழியின் தயக்கத்தையும் ஒன்றென மயங்கி மதிப்பெண் இடுவது அநீதி. ஒதுக்கீட்டில் வந்தவர் யார் என்ற பேச்சு ஆய்வகத்தில் எழுந்தால், சிரித்துக் கடக்காமல் அப்போதே நிறுத்த வேண்டும்.

மாணவரின் வீட்டுச் சூழலை அறிவதும் இப்பணியின் பகுதியே. தியாகராய நகரில் இயங்கும் அகரம் அறக்கட்டளை, 2010இல் தொடங்கிய விதைத் திட்டத்தில், தன்னார்வலர்களை மாணவரின் வீடுவரை அனுப்பி நிலைமையறிந்து, கல்லூரிச் சேர்க்கையோடு நில்லாமல் தொடர்ந்து வழிகாட்டுகிறது. ஆசிரியர் எல்லா ஊர்களுக்கும் போக இயலாது. ஆனால் மாணவர் திடீரென மூன்று நாள் வராவிட்டால், வருகைப்பதிவைக் குறைப்பதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு செய்ய இயலும்.

இறுதியாக, வழிகாட்டுபவர் வேறு, முன்மொழிபவர் வேறு என்பதைத் தம்பி உணர வேண்டும். வழிகாட்டுபவர் மாணவரிடம் பேசுகிறார். முன்மொழிபவர் மாணவர் இல்லாத அறையில், தேர்வுக் குழுவிலும் கருத்தரங்கிலும், அவரைப் பற்றிப் பேசுகிறார். கட்டுரையில் உழைத்தவரின் பெயர் விடுபடாமல் காப்பதும், பரிந்துரைக் கடிதத்தில் ஒழுக்கமானவர், பணிவானவர் என்ற பொதுச்சொற்களோடு முடிக்காமல் அவர் எந்தச் சோதனையை எவ்வாறு செய்தார் என்று எழுதுவதும் இரண்டாம் வகைக் கடமைகள். முதல் செமஸ்டரின் முதல் மாதத்திலேயே இருவரைத் தேர்ந்து, அவர்களிடம் ஒரு கருவியையும் இதுவரை விடை காணாத ஒரு கேள்வியையும் ஒப்படைத்துத் தம்பி இப்பணியைத் தொடங்கலாம். பதவி உயர்வுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தால், இப்போது வகுப்பில் இருப்பவர்கள் அதற்குள் பட்டம் வாங்கிப் போயிருப்பர்.

அன்பும் வாழ்த்தும்,
மூத்த ஆசிரியர் ஒருவர்
மயிலாப்பூர், சென்னை