பழைய கார் வாங்குவதும் அதை நாமே பார்த்துக்கொள்வதும்: விருதுநகர், சிவகாசி குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் ஒரே பைக்கில் நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே இருக்கன்குடிக்குப் போவதை நம் மாவட்டத்தில் எந்த வெள்ளிக்கிழமையும் பார்க்கலாம். அந்தக் குடும்பத்துக்கு ஒரு பழைய கார் ஆடம்பரம் இல்லை. புது கார் வாங்க வசதி இல்லாததும், பழைய காரைப் பற்றி ஒன்றும் தெரியாத பயமும்தான் அவர்களைப் பைக்கிலேயே நிறுத்திவைக்கின்றன. வசதி பற்றி நான் ஒன்றும் செய்ய முடியாது. பயத்தைப் போக்க முடியும். வாங்கும்போது எங்கெல்லாம் பார்க்க வேண்டுமோ, வாங்கிய பிறகு கை வைத்துப் பராமரிக்க வேண்டிய இடங்களும் அவையேதான். ஒரு தடவை கற்றுக்கொண்டால் இரண்டுக்கும் உதவும்.

முதல் படி: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் உள்ள மொத்தப் பணத்தையும் வண்டி விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், முதல் சர்வீஸ் எல்லாம் முதல் மாதத்திலேயே வரிசையாக வந்து நிற்கும். அந்தப் பணம் இல்லாமல் தேய்ந்த டயரோடு பிள்ளைகளை ஏற்றி ஓட்டுவதைவிட, ஒரு படி குறைந்த மாடலை வாங்குவது எவ்வளவோ மேல்.

இரண்டாம் படி: ஆண்டும் மாடலும்

குடும்பத்துக்கு என்றால் 2019 ஜூலைக்குப் பின் தயாரான வண்டியாகத் தேடுங்கள். டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் ஆகியவை அந்த மாதத்திலிருந்துதான் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின. முன்சீட்டில் இரண்டு பேருக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2022 ஜனவரியில். அதற்கு முந்தைய வண்டியில் இவை இருக்காது என்று அர்த்தமில்லை. உயர்ந்த மாடல்களில் இருக்கும், ஆனால் கேட்டு, பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

நம் ஊர் மெக்கானிக் கை பழகிய வண்டியாக இருப்பது நல்லது. செவர்லே 2017 இறுதியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இவை நல்ல வண்டிகள், விலையும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஒரு சின்ன பாகத்துக்காக மதுரைக்கும் அதைத் தாண்டியும் அலைய நேர்ந்தால், முதல் கார் வாங்கிய குடும்பம் சோர்ந்துபோகும். மாருதி, ஹூண்டாய், டாடா என்றால் பாகம் பக்கத்திலேயே கிடைக்கும்.

பெட்ரோல் வண்டியென்றால் இன்னொன்றும் கவனியுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் பாகங்கள் அதற்கேற்பச் செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டியில் பெட்ரோல் ஹோஸ், ரப்பர் வாஷர்கள் வெடித்தோ உப்பியோ இருக்கின்றனவா என்று மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: வண்டிக்கு முன்னால் காகிதம்

ஆர்.சி. புக்கைப் பார்க்காமல் வண்டியைப் பார்க்கப் போகாதீர்கள். வண்டியைப் பார்த்துவிட்டால் மனசு சாய்ந்துவிடும். பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டால் பதிவு தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, வங்கிக் கடன் நிற்கிறதா என்பதெல்லாம் தெரியும். கட்டாத அபராதமும் இ-சலான் பக்கத்தில் தெரியும். கடன் இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வரும்வரை அட்வான்ஸைத் தாண்டிப் பணம் தராதீர்கள். என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் புத்தகத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் சுரண்டிய தடமோ புது பெயின்டோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

டி.என். 67, 84, 95 எண் வண்டிகள் என்றால் விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி அலுவலகங்களில் பதிவானவை. ஊரில் நாலு பேரிடம் விசாரித்தால் வண்டியின் கதை வந்துவிடும். கே.எல். எண்ணும் பி.ஒய். எண்ணும் விலை குறைவாக இருக்கிறது என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் மறுபதிவு செய்தாக வேண்டும், தமிழ்நாட்டுக்கு வரியும் கட்ட வேண்டும். அதைக் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

நான்காம் படி: தண்ணீர் கண்ட வண்டியா?

நம் ஊரில் பழைய கார் வாங்குகிறவர்கள் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயப்பட வேண்டியது இதற்குத்தான். 2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் சென்னை, அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் என்று எத்தனையோ கார்கள் தண்ணீரில் மூழ்கின. விருதுநகரோ இவை எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிற ஊர். கழுவித் துடைத்து, சீட் கவர் மாற்றி, சென்ட் அடித்து நிறுத்தினால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒயரிங்கும் கன்ட்ரோல் யூனிட்டும் மாதக்கணக்கில் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் ஓடுகிற வண்டி நடுரோட்டில் நின்றுபோகும்.

கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். நான்கு சீட் பெல்ட்டுகளையும் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை நேர்கோடாக இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அடிக்குழியில் வண்டலோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். முன் சீட்டின் தண்டவாளத்திலும் அதன் போல்ட்டுகளிலும் துரு பிடித்திருக்கிறதா? தரைக் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஹெட்லைட் கண்ணாடிக்குள் நீராவி படிந்திருந்தால், டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர் கனெக்டர்களில் பச்சைப் பூத்திருந்தால், சந்தேகமே வேண்டாம். விலை பாதியாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஐந்தாம் படி: முன்பு எதை ஏற்றியது?

சிவகாசி பக்கம் கார் வெறும் கார் மட்டுமல்ல. அச்சகக்காரர் வண்டி என்றால் காலண்டர், நோட்டுக் கட்டுகளைச் சுமந்திருக்கும். விருதுநகர் கமிஷன் கடைக்காரர் வண்டி என்றால் வத்தல் மூட்டையும் பருப்பு மூட்டையும். காகிதக் கட்டு கனத்தில் ஆளை ஏமாற்றிவிடும். பின்சீட்டை மடக்கி வருஷக்கணக்கில் அதை ஏற்றிய வண்டியில் பின் ஸ்பிரிங் தொய்ந்திருக்கும். சமதரையில் நிறுத்திப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால், வண்டி பின்னால் உட்கார்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். பின் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதும் ஓர் அடையாளம்.

ஆம்னி, ஈக்கோ மாதிரி வேன்களில் கூடுதல் கவனம் வேண்டும். பட்டாசு ஆபீஸுக்கு மூலப்பொருள் ஏற்றிய வண்டியாக இருந்தால் கார்ப்பெட் இழையிலும் தரைத் தகட்டின் மடிப்பிலும் தூள் தங்கியிருக்கும். விரலால் தடவினால் வெள்ளி நிறத்தில் ஒட்டுவது அலுமினியப் பவுடர், மஞ்சளாக இருப்பது கந்தகம். வெடியுப்பு போன்ற உப்புகள் ஈரத்தோடு சேர்ந்தால் தகட்டை அரிக்கும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து, கலந்த மருந்து மிச்சம் இருக்கும் தரையில் பிறகு யாராவது டிங்கர் வேலைக்கு வெல்டிங் வைப்பது. சுத்தம் செய்கிறேன் என்று வாக்குவம் கிளீனர் போடுவதும் அதே ஆபத்துதான், மோட்டாரின் பொறி போதும். அப்படி ஒரு வண்டியை வாங்காமல் விட்டுவிடுவதே சரி.

ஆறாம் படி: காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை

ஓட்டிப் பார்க்க இரண்டு நேரம் போங்கள். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போதுதான் அதன் உண்மை தெரியும். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆயில் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி போலிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. அடர்ந்த வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. கூலன்ட்டுக்குப் பதில் அதை ஊற்றி ஓட்டியிருந்தால் உள்ளே துருவும் வெள்ளைப் பொருக்கும் படிந்திருக்கும்.

மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் ஏசியைப் போட்டு ஓட்டுங்கள். விருதுநகர் வெயிலில் குளிர்ந்தால் அது நல்ல ஏசி. நான்குவழிச் சாலையில் 80 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறதா, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு கரிசல் காட்டுக்குள் மேடுபள்ளமான ரோட்டில் மெதுவாகப் போய், அடியில் தட்டும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். ரயில்வே மேம்பாலம் ஏறும்போது என்ஜின் சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

கிலோமீட்டரை நம்பாதீர்கள். மீட்டர் முப்பதாயிரம் காட்டும்போது கிளட்ச் பெடல் ரப்பர் வழவழப்பாகி, ஸ்டீயரிங் தோல் பளபளத்தால் கணக்கு உதைக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி, விற்பவர் மூலமாகவே பழைய சர்வீஸ் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

ஏழாம் படி: பெயர் மாற்றம்

“அப்புறம் மாத்திக்கலாம்ணே” என்று புரோக்கர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி, விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று சொல்லிவிட்டது. ஆகவே விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் வராது. நோ கிளைம் போனஸ் விற்றவரோடு போய்விடும், அதனால் பிரீமியத்தில் வித்தியாசத் தொகை கேட்பார்கள். விற்றவரின் ஃபாஸ்டேகை மூடச் சொல்லி நீங்கள் புதிதாக வாங்குங்கள்.

எட்டாம் படி: இனி உங்கள் கை

முதலில் எந்த இடத்தில் வேலை செய்கிறீர்கள் என்று பாருங்கள். இது மற்ற ஊர்க்காரர்களுக்கு எழுதத் தேவையில்லாத வரி, நமக்குத் தேவை. திரி, தீப்பெட்டி, பட்டாசுக் கட்டு இருக்கும் வீட்டுக்கோ குடோனுக்கோ பக்கத்தில் பேட்டரியைக் கழற்றுவதோ சார்ஜ் போடுவதோ கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், கழற்றும்போது பொறி பறக்கும். 2016 அக்டோபரில் சிவகாசியில் வண்டியில் பட்டாசு ஏற்றும் இடத்தில் பிடித்த தீ, பக்கத்து ஸ்கேன் சென்டரில் இருந்தவர்களின் உயிரைப் பறித்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வாரம் ஒரு காலை, சமதரையில், என்ஜின் ஆறிய பின் ஆயிலும் கூலன்ட்டும் பிரேக் ஆயிலும் அளவுக்கோட்டுக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலன்ட் குறைந்தால் கூலன்ட்டையே ஊற்றுங்கள், போர் தண்ணீர் வேண்டாம்.

ஏர் ஃபில்டர் நம் கரிசல் தூசியில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பெரும்பாலான கார்களில் கிளிப்பை விடுவித்தால் பெட்டி திறந்துவிடும். வண்டியின் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஏசி ஃபில்டர் பல கார்களில் டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம். வைப்பர் ரப்பர், பல்பு, ஃபியூஸ் இவை மூன்றும் நீங்களே மாற்றக்கூடியவை. ஃபியூஸ் எரிந்தால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும்.

பேட்டரி முனையில் வெள்ளையோ பச்சையோ பூத்தால், முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துத் தேய்த்து, உலர்த்தி, முதலில் பிளஸ், பிறகு மைனஸ் என்று மாட்டுங்கள்.

டயருக்கு வருவோம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021-ம் ஆண்டின் 35-வது வாரம் தயாரானது. ஆறு வருஷம் தாண்டியிருந்தால் பட்டன் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து அடிக்கச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அது தவறு. காற்று குறைந்த டயர் அதிகம் நெளிந்து, அதிகம் சூடாகி வெடிக்கும். டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும் அளவை டயர் ஆறிய நிலையில் பிடியுங்கள்.

பஞ்சர் ஆனால் சாலையை விட்டு இறங்கிச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, எதிர் மூலைச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். பிள்ளைகளை இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, அதற்குப் பிறகுதான் ஜாக்கி ஏற்ற வேண்டும். ஜாக்கி வைக்கும் வெட்டு கதவுக்குக் கீழே தகட்டில் இருக்கும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகவே கூடாது. ஸ்டெப்னி மாட்டும்போது ஒரு நட்டை இறுக்கிய பின் அதற்கு எதிர் நட்டு என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். இறக்கிய பின் மறுபடி முழுக்க இறுக்குங்கள். வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பார்த்துவிடுங்கள், வீட்டம்மாவும் சேர்ந்து.

ஒன்பதாம் படி: மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் குழாய், ஏசி கேஸ், மஞ்சள் ஒயர் போகும் ஏர்பேக் பாகங்கள் இவற்றில் கை வைக்காதீர்கள். டைமிங் பெல்ட்டைக் கேட்டு மாற்றச் சொல்லுங்கள். சான்ட்ரோ ஜிங், பழைய 1.1 லிட்டர் ஐ10, 800 சி.சி. ஆல்டோ எல்லாம் பெல்ட் வண்டிகள். அறுந்தால் என்ஜின் அங்கேயே நின்றுவிடும். முந்தைய ஓனர் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் மாற்றுவதையும் முதல் ஓரிரு தடவை மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுங்கள். பழைய ஆயிலை ஓடையில் ஊற்றாமல் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், நல்ல மெக்கானிக் அதைத் தவறாக நினைக்கமாட்டார். டாஷ்போர்டில் ஒரு நோட்டு இருக்கட்டும். தேதி, கிலோமீட்டர், போட்ட ஆயிலின் கிரேடு, பாகம், கூலி என்று ஒவ்வொரு தடவையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள், நீங்கள் செய்த வேலையையும் சேர்த்து.