ஒரகடத்து மாணவருக்கு வ.உ.சி. எதற்கு?

கார் தொழிற்சாலை வேலையை நம்பி டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறேன். வ.உ.சி.யின் வாழ்க்கையைப் படித்து எனக்கு என்ன ஆகப் போகிறது?
– பாலிடெக்னிக் மாணவர், ஒரகடம்

தம்பி, உங்களுக்குத்தான் அது முதலில் வேண்டும். வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாக, 1906-இல் பங்கு திரட்டிச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர் அவர். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்று, கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைக்கச் செய்தார். அந்த ஆண்டு மார்ச்சிலேயே கைதாகி, கோவைச் சிறையில் செக்கிழுத்தார்.

நாளை நீங்கள் அசெம்பிளி லைனில் நிற்கலாம், சூப்பர்வைசராகலாம், சொந்தப் பட்டறையும் போடலாம். தொழில் தொடங்கும் துணிவையும் உழைப்பவர் உரிமையையும் ஒரே மனிதரிடம் கற்கலாம். நூலகத்தில் அவருடைய சுயசரிதையைக் கேட்டு வாங்குங்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.