முதலில் பரீட்சை, பிறகு படிப்பு
சட்டக் கல்லூரிக்கு ஆயத்தமாகும் எமது பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

தோட்டத்திலிருந்து உயர்தரம் முடித்து வந்து, வத்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் வேலை செய்துகொண்டே படிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். சட்டம் படிக்க வேண்டும் என்ற ஆசை அவர்களில் சிலருக்கு உண்டு. கையில் காசு கொஞ்சம் சேர்ந்ததும் முதலில் என்ன செய்கிறார்கள்? தடித்த பொது அறிவுப் புத்தகம் ஒன்றை வாங்குகிறார்கள். அல்லது ஒரு வகுப்பில் சேர்ந்து முதல் பக்கத்திலிருந்து மனனம் செய்யத் தொடங்குகிறார்கள். மூன்று மாதம் போகும், கண் வீங்கும். ஆனால் எந்த இடத்தில் நாம் பலவீனம் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. இந்தப் பாடத்தில் நாம் சொல்லப் போவது ஒரே ஒரு விசயம். புத்தகத்தைத் திறக்கும் முன்னால், ஒரு பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

ஒன்றுமே படிக்காமல் பரீட்சை எழுதுவதா என்று கேட்பீர்கள். தோட்டத்து ஆட்களுக்கு இதைப் புரிய வைப்பது லேசு. கவ்வாத்து வெட்டும் முன் என்ன செய்கிறார்கள்? தேயிலைச் செடியின் வேரை எடுத்து, வெட்டிய முகத்தில் அயடின் கரைசலை விட்டுப் பார்க்கிறார்கள். கருநீலமாக மாறினால் வேரில் மாப்பொருள் சேமிப்பு இருக்கிறது, கவ்வாத்து வெட்டலாம். நிறம் ஏறாவிட்டால் அந்த மலையில் சில வாரம் கொழுந்து பறிக்காமல் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பார்க்காமல் வெட்டினால் செடி செத்துப் போகலாம். அயடின் போட்டதால் செடிக்கு ஒரு சத்தும் ஏறவில்லை. ஆனாலும் அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று அது சொல்லிவிட்டது. படிப்புக்கு முந்திய மாதிரிப் பரீட்சையும் அப்படித்தான். அதை நோயறி பரீட்சை என்று சொல்லலாம். அதில் சித்தி, தவறுதல் என்ற பேச்சே கிடையாது.

எந்தப் பரீட்சைக்கு?

இலங்கை சட்டக் கல்லூரி 1874ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது கொழும்பு புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வத்தளையில் பஸ் ஏறி களனிப் பாலத்தைத் தாண்டினால் தூரமில்லை. பாலத்தைக் கடப்பது சுகம், அனுமதிப் பரீட்சையைக் கடப்பதுதான் கஷ்டம். போட்டிப் பரீட்சை ஆனபடியால், நல்ல புள்ளி எடுத்தவர்கள் மாத்திரமே உள்ளே போவார்கள். நெடுங்காலமாக அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று மொழி, மற்றது பொது அறிவும் நுண்ணறிவும். விண்ணப்பிக்க உயர்தரச் சித்தியோடு, சாதாரண தரத்தில் தாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் திறமைச் சித்தி கேட்கப்பட்டு வந்திருக்கிறது. அந்தந்த ஆண்டின் அறிவித்தலை எடுத்து, தகைமைகளை வரிவரியாக வாசித்துக்கொள்ளுங்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டம் படிக்க விரும்புகிறவர்களுக்கும் தெரிவுப் பரீட்சை உண்டு. கீழே சொல்லும் முறை இரண்டுக்கும் பொருந்தும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. சட்டக் கல்லூரிப் பரீட்சைகள் ஆங்கிலத்தில் மட்டும் என்ற விதி 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வந்தது. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. அதற்காக, ஆங்கிலம் வேண்டாம் என்று எவரும் நினைக்கக்கூடாது. சட்ட அறிக்கைகளும் பழைய தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆகவே நோயறி பரீட்சை எழுதும் வாரத்திலேயே ஒரு பக்க ஆங்கிலக் கட்டுரையை வாசித்து, எத்தனை சொல் விளங்கவில்லை என்றும் எண்ணி வையுங்கள்.

எமக்கு இது ஏன் முக்கியம்?

மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்தில் வேலை பழக வந்த பிரேஸ்கேடில் என்ற வெள்ளைக்கார இளைஞர் 1937இல் தொழிலாளர் பக்கம் பேசினார். தேசாதிபதி அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்று அவரை விடுதலை செய்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மக்களை நாடற்றவர்களாக்கியபோது, வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்ப்பது பற்றிய கோடகன்பிள்ளை வழக்கு 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. ஒன்றில் வெற்றி, மற்றதில் தோல்வி. எப்படியானாலும், சட்டம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால்தான் வழக்கு மேலே போகும்.

இன்றைக்கும் அப்படித்தான். 1988இல் வந்த 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் உரிமை இருப்பதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். ஊழியர் சேமலாப நிதி கட்டப்படாமல் கிடக்கும் கிழவிக்கும், லயத்துக் காணிக்கு உறுதி கேட்கும் குடும்பத்துக்கும், பெரட்டுக்களம் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லாத ஒரு சட்டத்தரணி கிடைத்தால் எவ்வளவு பெரிய உதவி!

எழுதும் முறை

பழைய வினாத்தாள்கள் மூன்று நான்கு தேடிக்கொள்ளுங்கள். அதில் ஒன்றை நோயறி பரீட்சைக்கு எடுங்கள். ஆகப் புதிய வினாத்தாளைத் தொடாமல் உறையில் போட்டு வையுங்கள், அது கடைசி மாதத்துக்கு. லீவு நாள் காலையில், தூங்கி எழுந்த தெளிவோடு உட்காருங்கள். இரவு பத்து மணிக்குக் கடை பூட்டிவிட்டு வந்து எழுதினால் அது உங்கள் களைப்பைத்தான் அளக்கும். தாளில் குறித்த நேரத்தை அப்படியே வையுங்கள். போன் வேறு ஆளிடம் இருக்கட்டும். இடையில் தேத்தண்ணி குடிக்க எழும்பக் கூடாது. ஊகித்து எழுதிய ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ‘ஊ’ என்று சின்னதாகப் போடுங்கள். நேரம் முடிந்ததும் ஒரு கோடு கீறி, மிச்சத்தை வேறு நிற மையில் எழுதி முடியுங்கள். அப்போதுதான் அறிவில் குறையா, வேகத்தில் குறையா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

இப்போதே ஒரு சிறு முயற்சி செய்வோம். பத்து நிமிடம் வைத்து இந்த ஆறு வினாக்களுக்கும் விடை எழுதுங்கள்.

1. 3, 6, 11, 18, 27, அடுத்த எண் எது?
2. பதினைந்து நாள் வேலைக்கு வந்த எல்லோருக்கும் அரிசி கிடைத்தது. ராணிக்கு அரிசி கிடைத்தது. ஆகவே ராணி பதினைந்து நாள் வந்தார். இந்த முடிவு சரியா?
3. கொழுந்து நிறுவையில் வள்ளி மாரியை விட அதிகம். மாரி செல்லத்தை விட அதிகம். லெட்சுமி செல்லத்தை விடக் குறைவு. காமாட்சி வள்ளியை விட அதிகம். ஐவரில் நடுவில் நிற்பவர் யார்?
4. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியும் தொழில் கொடுப்பவரும் குறைந்தது எத்தனை சதவீதம் செலுத்த வேண்டும்?
5. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று கூறிய அரசியலமைப்புத் திருத்தம் எது? ஆண்டு என்ன?
6. ‘எழுத்துமூல அறிவித்தல் கொடுக்கப்பட்டாலொழிய குத்தகை முடிவுறாது.’ இதிலிருந்து நிச்சயமாகச் சொல்லக்கூடியது எது? (அ) அறிவித்தல் கொடுத்தால் குத்தகை கட்டாயம் முடியும். (ஆ) அறிவித்தல் கொடுக்காவிட்டால் குத்தகை முடியாது.

விடைகள்: 1. 38, ஒவ்வொரு முறையும் கூடும் தொகை 3, 5, 7, 9, 11. 2. சரியல்ல, வேறு காரணத்துக்காகவும் அவருக்கு அரிசி கிடைத்திருக்கலாம். 3. மாரி. 4. தொழிலாளி 8, தொழில் கொடுப்பவர் 12. 5. பதின்மூன்றாவது திருத்தம், 1987. 6. (ஆ).

இரண்டாவதும் ஆறாவதும் பலருக்குப் பிழைக்கும். நாலாவது பிழைத்தால் புத்தகத்தைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். ஆறாவது பிழைத்தால் எந்தப் புத்தகத்தை மனனம் செய்தும் பிரயோசனமில்லை. ‘ஒழிய’, ‘அன்றி’, ‘மாத்திரம்’ என்ற சொற்கள் வரும் வாக்கியங்களை நாளுக்குப் பத்தாக வாசித்துப் பழக வேண்டும். இரண்டு பிழைக்கும் போவது ஒரே அளவு புள்ளிதான். ஆனால் மருந்து வேறு வேறு.

பிழைகளைத் தரம் பிரித்தல்

புள்ளியைக் கூட்டியதும் நிறுத்திவிடாதீர்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். ஒரு கொப்பியை நாலு பத்தியாகக் கோடு போடுங்கள். தெரியாதது, வினாவைப் பிழையாக வாசித்தது, நேரம் போதாதது, ஊகித்துச் சரியானது. ஒவ்வொரு வினாவும் எந்தப் பத்தியில் விழுகிறது என்று எழுதுங்கள்.

கணக்குக்காக ஒரு பிள்ளையை எடுப்போம். 40 வினாவில் 17 சரி. ‘நாப்பதுக்குப் பதினேழா, நமக்கு இது சரிவராது’ என்று அந்தப் பிள்ளை தாளைக் கிழித்துப் போடலாம். கொப்பியில் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. பிழைத்த 23இல் 9 மட்டுமே தெரியாதது. 6 அவசரத்தில் பிழையாக வாசித்தது. 8 நேரம் போதாமல் தொடாமலே விட்டது. அதாவது 14 வினா அறிவுக் குறையால் போகவில்லை. சரியான 17இலும் 5க்குப் பக்கத்தில் ‘ஊ’ இருக்கிறது. ஆகவே உறுதியாகத் தெரிந்தது 12தான். இந்தப் பிள்ளை பொது அறிவுப் புத்தகத்தோடு மட்டும் மூன்று மாதம் உட்கார்ந்தால், 9 வினாவுக்காக முழு நேரத்தையும் செலவழித்ததாகும். அதே பிள்ளை வேகத்தையும் வாசிப்பையும் பழகினால் சீக்கிரம் முன்னேறும்.

மொழிப் பகுதியின் கட்டுரையையும் சுருக்கத்தையும் மட்டும் நீங்களே திருத்த வேண்டாம். ஒரு தமிழாசிரியரிடம் கொடுத்து, ‘புள்ளி போடுங்க சேர், எங்க வெட்டுறீங்கன்னும் சொல்லுங்க’ என்று கேளுங்கள்.

பிழையாக விடை எழுதினால் அந்தப் பிழையே மனதில் பதிந்துவிடும் என்று சிலர் பயப்படுவார்கள். சரியான விடையைப் பிறகு பார்த்துக்கொண்டால் அந்தப் பயம் தேவையில்லை. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களை விட, வாசித்தபின் தம்மைத் தாமே சோதித்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். படிக்கும் முன்னே கேள்வி கேட்கப்பட்டு, பிழையாக விடை சொன்னவர்கள் கூட, பிறகு அந்தப் பகுதியைக் கூடுதலாக நினைவில் வைத்தார்கள் என்று 2009இல் ரிச்லண்டும் மற்றவர்களும் காட்டினார்கள். விடை தேடி அலைந்த மனம், விடை கிடைத்ததும் அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

நேரத்தைப் பங்கிடுதல்

வேலை செய்யும் பிள்ளைக்கு இரவில் ஒன்றரை மணித்தியாலம், ஆறு நாள். ஞாயிறு நாலு மணித்தியாலம். வாரத்துக்குப் பதின்மூன்று, பன்னிரண்டு வாரத்துக்கு 156 மணித்தியாலம். இது சிறிய தொகையல்ல, ஆனால் வீணாக்குவதற்கும் இல்லை. கொப்பியில் எந்தப் பத்தி நீளமோ அதற்குப் பாதி நேரம் கொடுங்கள். அடுத்ததற்குக் கால் பங்கு. மிச்சக் கால் பங்கு, தெரிந்ததை மறக்காமல் இருக்க. நாலாம் வாரமும் எட்டாம் வாரமும் வேறு வினாத்தாள் எழுதி, பத்திகள் எப்படி மாறியிருக்கின்றன என்று பாருங்கள். உறையில் வைத்த புதிய தாள் பதினோராம் வாரத்துக்கு. கடைசி வாரத்தில் புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம்.

இரண்டு பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் எழுதலாம். கொப்பியை மாற்றித் திருத்தலாம். வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். எந்த வகுப்பு தேவை, எது தேவையில்லை என்று அதற்குப் பிறகு உங்களுக்கே விளங்கும்.

கடைசியாகப் பெற்றோருக்கு. பிள்ளை கொழும்பிலிருந்து போன் எடுத்து, ‘மாதிரிப் பரீட்சை எழுதினேன் அம்மா’ என்று சொன்னால், ‘எத்தனை புள்ளி?’ என்று கேட்காதீர்கள். ‘எங்க பிழைச்சது, அதுக்கு என்ன செய்யப் போற?’ என்று கேளுங்கள். முதல் தாளில் புள்ளி குறைவதால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேரில் நிறம் ஏறாத மலையை எவரும் கைவிடுவதில்லை. கொஞ்சக் காலம் கவனித்துப் பார்த்து, பிறகு வெட்டுகிறார்கள். அதே மலையில்தான் பின்னர் கொழுந்தும் துளிர்க்கிறது.