அலிபாபா கற்பிக்கும் கதைத் தொழில்



தராசு பிடிக்கும் கைக்குக் கதை எழுதும் வேலை எதற்கு என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டு நம் பிள்ளைகள் நடிக்க ஒரு நாடகம் வேண்டுமென்றார்கள். மஸ்ஜித் இந்தியா வீதியில் கடை அடைத்த பிறகு, பல இரவுகள் கண்விழித்து நாம் எழுதிக் கொடுத்தோம். விஷயம், அளவையில் நேர்மை. கடைசிக் காட்சியில் முதிய வியாபாரி ஒருவர் கால்மணி நேரம் புத்திமதி சொல்வார். முன்வரிசைப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். வீடு திரும்பும்போது நம் மகன், "அத்தா, அவரு ஏன் பேசிக்கிட்டே இருந்தாரு?" என்றான். நமக்கு வாய் எழவில்லை.

பிழை எங்கே என்று தேடினோம். அலிபாபா கதை அதைக் காட்டித் தந்தது. 1956ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் எம்.ஜி.ஆரை வைத்து அதை வண்ணப்படமாக்கினார்கள். 1961ல் பி. ரம்லி அதை மலாய் நகைச்சுவைப் படமாக்கித் தாமே கொள்ளைத் தலைவனாக நடித்தார். இவற்றுக்கெல்லாம் முன்பு, 1709ல் அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் என்பவர் பாரீஸில் கல்லான் என்ற அறிஞருக்கு அதை வாய்மொழியாகச் சொன்னார். 1717ல் பிரெஞ்சில் அச்சேறியது. இத்தனை கை மாறியும் கதை கெடவில்லை. ஏன்? அதன் கட்டு அப்படி.

அச்சேறிய கதையையே எடுத்துக்கொள்வோம். அலிபாபாவின் மனைவி பொன்னை அளக்க, காசிமின் வீட்டில் அளவுப்படி இரவல் கேட்கிறாள். இந்த ஏழைக்கு அளக்க என்ன தானியம் இருக்கிறது என்று காசிமின் மனைவிக்குச் சந்தேகம். படியின் அடியில் கொழுப்பைத் தடவித் தருகிறாள். திரும்பி வந்த படியில் ஒரு பொற்காசு ஒட்டியிருக்கிறது! ரகசியம் வெளியாயிற்று. யாரும் பிரசங்கம் செய்யவில்லை, படி பேசிற்று.

அடுத்து, காசிம் குகைக்குள் அகப்படுகிறான். கதவைத் திறக்கும் சொல் எள்ளின் பெயர். அவனோ வாற்கோதுமை முதலாகத் தானியப் பெயர்களைச் சொல்கிறான். எள் மட்டும் நினைவில் வரவில்லை. பேராசை மறதியைத் தந்தது. கேடு வெளியிலிருந்து வந்து விழவில்லை. அவன் குணத்திலிருந்தே முளைத்தது.

கடைசியில் கொள்ளைத் தலைவன் வியாபாரி வேஷத்தில் விருந்துக்கு வருகிறான். உப்பில்லாத உணவு கேட்கிறான். உப்புத் தின்ற வீட்டுக்குத் துரோகம் செய்யக் கூடாதல்லவா! அந்த ஒரு வேண்டுகோளால் மர்ஜானாவுக்குச் சந்தேகம் தட்டுகிறது. போய்ப் பார்க்கிறாள், ஆளை அடையாளம் காண்கிறாள், வீடு பிழைக்கிறது.

இதில் நாம் கற்ற பாடம் யாதெனில், நீதியைப் பாத்திரத்தின் வாயில் வைக்காதே. பொருளிலும் செயலிலும் வை. கணக்கைப் பார்ப்பவரே கூட்டிக்கொள்ளட்டும். நல்ல சரக்கை வாடிக்கையாளர் கையில் கொடுத்தால் போதும். அவரே தரம் பார்த்துக்கொள்வார். நாமோ சரக்கை உள்ளே பூட்டி வைத்துக்கொண்டு வாயால் விற்கப் பார்த்தோம்.

நாடகத்தைத் திருத்தி எழுதினோம். முதியவரின் பிரசங்கம் போயிற்று. இப்போது கடைப்பையன் தராசைத் துடைக்கிறான். தட்டின் அடியில் ஒரு காசு ஒட்டியிருப்பதைக் காண்கிறான். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். வாசலில் ஒரு விதவைத் தாய் அரிசிக்காக நிற்கிறாள்.

இவ்வளவும் வீட்டில் படித்துக் காட்டி நிறுத்தினோம். மகன் எழுந்து உட்கார்ந்தான்.

"அப்புறம் என்னாச்சு அத்தா?"

கதை எழுத முனையும் சகோதரர்களே, இந்தக் கேள்வியைச் சம்பாதியுங்கள். புத்திமதி தானே போய்ச் சேரும்.