பழைய குக்ரி வாங்கப் போறீங்களா?

டேராடூன், டார்ஜிலிங், காத்மாண்டு பக்கம் டூர் போனால், "கூர்க்கா சிப்பாய் யுத்தத்தில் பிடித்தது சார்" என்று ஒரு குக்ரியை நீட்டுவார்கள். பர்ஸைத் திறக்கும் முன் இதையெல்லாம் கவனியுங்கள்.

1. பிடியில் பித்தளைச் சிங்கத் தலை, உறை முழுக்கப் பூவேலை, கத்தியில் 'இந்தியா' முத்திரை என்றிருந்தால், அது டூரிஸ்டுகளுக்காகச் செய்தது. ஷோகேஸில் வைக்கலாம், பழம்பொருள் விலை கொடுக்காதீர்கள். படைக்குச் செய்தது அலங்காரமில்லாமல் மொட்டையாகத்தான் இருக்கும்.

2. கத்தியின் முதுகைத் தடவிப் பாருங்கள். வேலைக்கான குக்ரி என்றால் முதுகு பெரும்பாலும் கால் அங்குலத்துக்குக் குறையாமல் தடித்து, நுனிக்குப் போகப் போக மெலியும்.

3. கையில் ஒரு சின்ன லென்ஸ் இருக்கட்டும். பிரிட்டிஷ் இந்திய ராணுவக் குக்ரிகளில் அம்புக்குறி, 'ஐ' எழுத்து, 1917, 1943 மாதிரி ஆண்டு எல்லாம் குத்தியிருக்கும். கத்தி கறுத்திருக்க, எழுத்தின் பள்ளம் மட்டும் பளபளத்தால் அது நேற்றைய வேலை. அதற்காக முத்திரை இல்லாததையெல்லாம் போலி என்று தள்ளிவிடாதீர்கள். ஊர்க் கொல்லரிடமும் பஜாரிலும் வாங்கி வைத்துக்கொண்ட சிப்பாய்கள் நிறையப் பேர்.

4. வெள்ளைத் துணியால் துடையுங்கள். ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் புதுத் துரு. பழைய துரு கரும்பழுப்பாக, இரும்போடு இறுகிக் கிடக்கும்.

5. பிடியின் மரம் காய்ந்து சுருங்கி, பித்தளைப் பூணோரம் மயிரிழை இடைவெளி விட்டு, அதில் அழுக்கு அடைந்திருந்தால் நல்ல அறிகுறி. ஆட்டும்போது கடகடவென்றால் உள்ளே பிசின் விட்டுப்போயிருக்கிறது. பேரம் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது!

6. உறையில் இரண்டு குட்டிக் கத்திகள் இருக்கும். 'கர்தா' கூரானது, 'சக்மக்' மழுங்கல், தீட்டவும் தீப்பொறி எழுப்பவும் உதவுவது. பழைய கத்தியோடு புதுக் குட்டிகளைச் சொருகி 'ஃபுல் செட்' என்பார்கள், ஏமாறாதீர்கள்.

7. "உருவினால் ரத்தம் காட்டாமல் உறையில் போடக்கூடாது" என்ற கதைக்குத் தனி விலை கிடையாது. குக்ரியால் விறகும் இறைச்சியும்தான் அதிகம் வெட்டியிருக்கிறார்கள்.

8. உருவும்போது உறையை முதுகுப் பக்கமாகப் பிடியுங்கள். கூர்ப் பக்கம் விரலைச் சுற்றினால், தையலைப் பிளந்து விரலையும் பதம் பார்த்துவிடும்.

9. வீட்டுக்கு வந்ததும் புளியும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்தால் பாதி மதிப்பு போச்சு. தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். தோலுறையை ஈரம் பற்றும் என்பதால், கத்தியைத் தனியாக வையுங்கள்.

10. இந்திய ஆயுத விதிகள் குக்ரியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் லைசென்ஸ் வேண்டும். 100 வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை நாம் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. வாங்கும் முன் உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.