பறவை காட்டப் போனால் விசா கிடைக்குமா?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இளைஞர் கூடும் இடந்தோறும் உலவிவரும் ஒரு வதந்தியை இனியும் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் இயலாது. வெளிநாட்டுச் சரணாலயங்களில் பிரயாணிகளுக்குப் பறவைகளைக் காட்டும் தொண்டர்களுக்குத் தட்டுப்பாடாம்; முகவரிடம் சில இலட்சங்களைக் கட்டினால் விசா வருமாம்; போய்ச் சேர்ந்தபின் தொண்டு தானே சம்பள உத்தியோகமாகிவிடுமாம்.

இது முழுப் பொய். நம்மவர் பெரிதும் நாடும் பிரித்தானியாவிலே, பார்வையாளர் விசாவிற் செல்பவர், பிரயாணத்தின் பிரதான நோக்கம் வேறாக இருக்கும்பட்சத்தில், பதிவுபெற்ற தர்ம ஸ்தாபனத்தில் 30 நாள்வரை மாத்திரமே தொண்டு செய்யலாம்; அதற்கு மேற்பட்ட தொண்டுக்கான தனி விசாவோ, அனுமதி பெற்ற ஸ்தாபனமே பொறுப்பேற்றுச் சான்று வழங்கினாலன்றிக் கிடைக்காததோடு, நியாயமான செலவுத்தொகையேயன்றி ஊதியம் பெறுவதற்கும் இடங்கொடாது. காணியை ஈடுவைத்தும் தாயின் நகையை அடகுவைத்தும் காசு கொடுப்பதற்கு முன், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் அம்முகவரிடம் உண்டா என்று கேட்கவேனும் வேண்டாமா? படித்த பிள்ளைகளே கேட்பதில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மேலும், வழிகாட்டி என்பவன் அந்த மண்ணை அறிந்தவன். நேற்று வந்திறங்கியவன் எதைக் காட்டுவான்? பிறநாட்டினர் மெய்யாக வரவேற்பது பறவைகளை எண்ணுவோரையும் அவற்றின் காலில் அடையாள வளையமிடுவோரையுமே. கனடாவின் ஈரி ஏரிக்கரையில் 1960 முதல் இயங்கும் லோங் பொயின்ற் பறவை ஆய்வு நிலையமும், ஜோர்ஜியாவின் பாற்றுமியில் இலையுதிர்காலந்தோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வேட்டைப் பறவைகளை எண்ணுவோரும் தொண்டரைக் கொண்டே காரியம் நடத்துகின்றனர். அங்கெல்லாம் நேரே எழுதிக் கேட்கலாம். இடையில் முகவர் எதற்கு?

பட்டம் வேண்டும், விலையுயர்ந்த கமெரா வேண்டும் என்பனவும் வீண் பேச்சே. குரல் கேட்டு இனம் பிரிக்கும் செவியும், விஞ்ஞானப் பெயர்களிற் பழக்கமும், பல பருவங்கள் எண்ணிய அனுபவமும் இருந்தாற் போதும்.

அவ்வனுபவத்துக்கு வன்னியைவிடத் தகுந்த இடம் எது? 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவான சுண்டிக்குளமும், கொக்கிளாயும், நந்திக்கடலும் மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடியில் அமைந்தவை. அயலிலுள்ள மன்னாரில் சமிக்ஞைக் கருவி பூட்டி விடப்பட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை சென்றதை நம் நாட்டு ஆய்வாளரே கண்டறிந்துள்ளனர். இலங்கைப் பறவைக் கழகம் ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டி நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நம் பிள்ளைகள் திரளாகச் சேரவேண்டும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகியவற்றை அடுத்த பாடசாலை ஒவ்வொன்றும் திகதி, இனம், எண்ணிக்கை, நீர்மட்டம் ஆகியவற்றைக் குறிக்கும் பறவைப் பதிவேடு ஒன்றைப் பேணவேண்டும் என்று நான் ஓயாமல் வற்புறுத்துவதும் இதற்காகவே. வழிகாட்டித் தொழிலால் ஊதியம் பெற விரும்புவோர்க்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை பிரதேச வழிகாட்டி அனுமதிப்பத்திரம் வழங்குகின்றது. அதற்கு விசா வேண்டியதில்லை. வலசைப் பறவைகள் ஐப்பசியில் பெருகத் தொடங்கும். அதற்குள் பதிவேட்டைத் திறந்துவிட வேண்டும்.